மார்க்கர் பக்கம்

— அங்கயே நில்லுங்க மார்க்கரே! கால வெச்சுடாதீங்க. இப்பத்தான் களத்துக்குச் சாணி பூசியிருக்கறன், ஈரங்கூடக் காயல.

— வெக்கல செல்லி. கோட்டுக்கு வெளியதான் நிக்கறன். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தன்.

— அதென்னா கையில மூட்ட? மட்ட எங்க?

— மட்டய க்ளப்புல ஆணியில மாட்டிட்டன். அது க்ளப்பு சொத்து. இந்த மூட்டதான் என்னுது. ரெண்டு வேட்டி, ஒரு போர்வ.

— சனிக்கெழம அதுவுமா மூட்டயத் தூக்கினு எங்க கெளம்பிட்டீங்க? சாயங்காலம் அஞ்சு மணிக்கு புது ஆபீசரோட டென்னிஸ் ஆட்டம் இருக்குதில்ல?

— மாரண்டஹள்ளிக்குப் போறன், அக்கா வூட்டுக்கு. கத்திரித் தோட்டத்துல தண்ணி பாய்ச்ச ஆளு வேணும்னு ரொம்ப நாளா கூப்புடுது.

— பஸ்ஸு வந்துடுச்சா?

— வந்து நிக்குது. கரி பஸ்ஸுதான? டிரைவரு இப்பத்தான் அடுப்பு மூட்டறான். பொக ஏறி அது கெளம்பறதுக்குள்ள நாம ஒரு பாடு பேசி முடிச்சுடலாம்.

— ஓடிப் போறீங்க.

— ஓடல. போறன்.

— ஆமா பின்ன. ஆட்டத்தன்னைக்குக் காலையில மூட்டயோட கெளம்பறதுக்கு வேற பேரு வெச்சிருக்கறாங்களாக்கும். வூட்டுச் சாவிய ஆருகிட்ட குடுத்தீங்க?

— பூட்டி வெக்க அங்க என்னா இருக்குது? எம்பொண்டாட்டி ராமக்கா கண்ண மூடி பன்னண்டு வருசமாச்சு. வாசல்ல புல்லு மொளச்சுக் கெடக்குது. நானும் ஒரு பானையுந்தான்.

— போன ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம் தோத்தீங்க. அதுக்குத்தான இத்தினியும்?

— ஒன்னு கேளு. தோத்தது பெருசில்ல. எப்படித் தோத்தன்னு பாத்தியா நீ?

— நான் எங்க பாத்தன். புளியமரத்தடியில கூடய கழுவினு இருந்தன். ஆபீசரு சிரிச்ச சத்தந்தான் கேட்டுது.

— எப்பவும் போல நான் கெழக்கால பக்கம் நின்னன். மொத ஆட்டம் எனக்குத்தான். முடிஞ்சதும் அவுரு வலயச் சுத்தினு எங்கிட்ட வராரு. "தண்ணி வேணுங்களா ஐயா"ன்னு கேட்டன். "தண்ணி இல்ல மாதப்பன், பக்கம் மாறணும். நீ அந்தாண்ட போ"ங்கறாரு.

— மாறணுமா?

— சட்டமே அப்படித்தானாம். மொத ஆட்டம் முடிஞ்சதும் ஒருக்கா, பொறவு ரெண்டு ஆட்டத்துக்கு ஒருக்கா. வெயிலும் காத்தும் ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கணும்னு எழுதியே வெச்சிருக்குதாம்.

— இத்தினி வருசமா உங்களுக்கு அது தெரியாதா?

— தொரைங்க ரெண்டு பேரு ஆடுனா மாறுவாங்க, பாத்திருக்கறன். மார்க்கரு கூட ஆடுனா ஒருத்தரும் மாறமாட்டாங்க. கூட ஆட ஆளில்லாத தொரைக்கு ஈடா நிக்கறதுக்குத்தான மார்க்கருன்னு ஒருத்தன வெச்சிருக்கறாங்க? அவனுக்குத் தனிச் சட்டம் போலன்னு நெனச்சுட்டன். பதினோரு வருசம் மேக்க பாத்து, சாயங்கால வெயில மூஞ்சியில வாங்கினு நின்னன். அதுதான் மார்க்கர் பக்கம்னு.

— எல்லாத்துக்கும் இந்தக் களத்தப் போட்ட கருப்பண்ணன் மேஸ்திரியச் சொல்லணும்.

— அத ஏன் கேக்கற! வெயிலு ஆரு கண்ணுலயும் அடிக்கக் கூடாதுன்னு அப்ப இருந்த வெள்ளக்காரத் தொர தெக்க வடக்கத்தான் படம் போட்டுக் குடுத்தாரு. மேஸ்திரி என்னா சொன்னான்? "தெக்க வடக்க நீட்டிப் போடறது பொணத்தங்க. நல்ல காரியம்னா கெழக்க பாத்துத்தான் இருக்கணும்"னுட்டு, தொர ஏற்காடு போயிட்டு வரதுக்குள்ள கல்லுப் போட்டுத் திமிசு அடிச்சுட்டான்.

— எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்கா ஒடச்சு! நானுந்தான் வுழுந்து கும்புட்டன். தொர வந்து பாத்துட்டு மூஞ்சியெல்லாம் செவந்துட்டாரு.

— செவந்தாரு. பொறவு தலையில அடிச்சுக்கினு சிரிச்சாரு. நேரா மேக்கால போயி, வெயில முதுகுல வாங்கினு நின்னாரு. "மாதப்பன், நீ அந்தப் பக்கம்"னாரு. அன்னைக்கு நின்னவன்தான்.

— அன்னைக்கே அடியும் வாங்குனீங்க.

— மறப்பனா? பந்து வரதே தெரியல. கண்ணு கூசிப் போயி நிக்கறன், பொட்டுனு வந்து அடிச்சுது. கண்ணு கோழி முட்டையாட்டம் வீங்கிப் போச்சு. நீதான் சாணிக் கைய கழுவிட்டு ஓடியாந்து ஈரத்துணி வெச்சு அழுத்துன.

— ஒரு வாரம் ஒத்தக் கண்ணோட ஆடுனீங்க. பாக்கறவங்களுக்கே வயிறு எரிஞ்சுது.

— பொறவு பந்து எனக்காக நின்னு நின்னு வர ஆரம்பிச்சுதே! வுழும், எழும்பும், ஒரு மூச்சு பொறுத்துக்கும். வெயிலு என்னா பண்ணும்? "மாதப்பன், நீ சாதாரண ஆளில்ல"ன்னு தொரையே சொன்னாரு.

— சொன்னாரு. எனக்கும் கேட்டுது.

— நல்ல காலம் செல்லி அது. யுத்தத்துல சீமைப் பந்து வராம போச்சே, ஞாபகம் இருக்குதா? மொட்டப் பந்துக்கெல்லாம் நீ கம்பிளி ஒட்டுன.

— ஆமா பின்ன. காரிமங்கலம் சந்தையில தேடிப் புடிச்ச கம்பிளி. ஒட்டுனது ரெண்டாம் அடியிலயே பிச்சுக்கினு போச்சு. அப்புறம் சுத்தி வளச்சுத் தச்சன். ஆட்டு வாசன அடிக்குதுன்னு தொர மூக்கப் புடிச்சாரு. ஆனா ஆடுனாரு.

— மழ நாள்ல பந்து நனஞ்சுட்டா தூக்கவே முடியாது. அடிச்சா "தொப்"புனு சத்தம் வரும். புளியமரத்துக் குருவியெல்லாம் பறக்கும்.

— சாயங்காலம் நான் தண்ணி தெளிப்பன், நீங்க வல கட்டுவீங்க. தொர வர வரைக்கும் ஒரு கால் மணி நேரம் ஆரும் இருக்கமாட்டாங்க.

— பேச்சுக் கூட இருக்காது.

— என்னாத்தப் பேசறது? பதினஞ்சு, முப்பது, நாப்பதுன்னு நீங்க எனக்கு எண்ணச் சொல்லிக் குடுப்பீங்க. நாப்பத்தஞ்சு எங்க போச்சுன்னு நான் கேப்பன்.

— எங்க போச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது செல்லி.

— ஆகஸ்டு மாசம் கொடி ஏத்துன மறுநாளு தொர போனாரே, உங்களுக்கு என்னமோ குடுத்தாரில்ல?

— அவுரு பூட்ச குடுத்தாரு. போட்டுப் பாத்தன். தரையே தெரியல. பானைக்குள்ள கால வுட்டுனு நடக்கற மாதிரி இருந்துது. கழட்டி வெச்சுட்டன்.

— சரி, சொல்லுங்க. ஞாயித்துக்கெழம மேக்கால போனீங்க. பொறவு?

— பொறவு என்னா. வெயிலு முதுகுல. பந்து பளிச்சுனு தெரியுது, அதுல இருக்கற கோடு கூடத் தெரியுது. ஆனா அடிக்க வரல. கைய ஓங்கறதுக்குள்ள வழுக்கிட்டு முட்டிக்குக் கீழ போயிடுது. கெழக்கால நின்னப்ப ஏதோ ஈடு குடுத்தன். மேக்கால நின்ன ஆட்டம் அத்தினியும் அவுருக்கு. ஆறுக்கு மூனு.

— அதுக்கு என்னா சொன்னாரு?

— நல்ல மனுசன். "கண்ணுல வெயிலு இல்லாம உனக்கு ஆட வராதா"ன்னு சிரிச்சாரு. "சனிக்கெழம இன்னொருக்கா பாப்பம். முடியலன்னா சேலத்துல இருந்து வேற மார்க்கர வரச் சொல்றன்"னாரு. எனக்குக் கெட்ட பக்கந்தான் பழகிப் போச்சு. நல்ல பக்கம் ஒத்துக்கல.

— அப்படிச் சொல்லாதீங்க, எனக்குக் கோவம் வரும். நான் கோலார்ல இருந்து வந்தப்ப எனக்கு என்னா பழக்கம் இருந்துது? சுரங்கத்துக்குள்ள போன எம்புருசன் வெளிய வரல. இருவத்திரெண்டு வயசு எனக்கு. அங்க சுரங்கத்துச் சங்கு ஊதுனாத்தான் விடியும். இங்க வந்து மொத மாசம், சங்கு ஊதலியேன்னு விடிஞ்சும் படுத்துக் கெடந்தன். பொறவு எழுந்திரிக்கல?

— எழுந்திரிச்ச.

— ஆறு நாளு இருந்துது உங்களுக்கு. ஒரு நாளாவது மேக்கால நின்னு நாலு பந்து அடிச்சுப் பாத்தீங்களா?

— இல்ல.

— ஏன்?

— வுடு செல்லி. பஸ்ஸு கெளம்பிடும்.

— கெளம்பட்டும். நான் ஒன்னு சொல்லணும். சொன்னா திட்டக் கூடாது.

— சொல்லு.

— தப்பு உங்க கையில இல்ல. இந்தக் களத்துல இருக்குது. உங்க கண்ணு வீங்குன அந்த வாரம், உங்க பக்கத்துக்கு மட்டும் சாணியில ராகிப் பொட்டு, அந்த உமியக் கலந்து, கெட்டியா ரெண்டு பூச்சு பூசுனன். வுழுந்த பந்து வேகம் செத்து மெல்ல எழும்பட்டும்னு. தொர பக்கம் தண்ணியாட்டம் ஒரே பூச்சு. அது கல்லாட்டம் காயும், பந்து வழுக்கும். பதினோரு வருசமா அப்படித்தான் பூசறன்.

— ரெண்டு பூச்சு.

— ஆமா. ரெண்டு பூச்சுதான் மார்க்கரே. பந்து உங்களுக்காக நின்னுதுன்னு அத்தினி பெருமயா சொன்னீங்க. அதக் கெடுத்துட்டன்.

— ஒன்னும் கெடல. எனக்குத் தெரியும்.

— என்னா தெரியும்?

— தொர பூட்சு போட்டுனு ஆடுனாரு. நான் வெறுங்காலு. எங்க மெத்துனு இருக்குது, எங்க கரகரன்னு இருக்குதுன்னு காலுக்குத் தெரியாதா? நீ பூசுன மறுநாளே தெரிஞ்சுது.

— தெரிஞ்சுமா இத்தினி வருசம் ஒரு வார்த்த கேக்கல?

— கேட்டா நிறுத்திடுவியோன்னு பயம்.

— அட சாமி! தெரிஞ்சவரு எதுக்கு ஊர வுட்டுப் போறீங்க? ரெண்டு பக்கமும் ஒன்னா பூசு செல்லின்னா முடிஞ்சுது.

— ஒன்னு கேளு. அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் ஆபீசரு குனிஞ்சு தரையத் தட்டிப் பாத்தாரு. "ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்குதே, ஆரு பூசறது"ன்னாரு. "தர நல்லாத்தாங்க இருக்குது, எங்கண்ணுதான் மங்கிப் போச்சு"ன்னன். இன்னைக்கு நீ ஒன்னா பூசி, நான் ரெண்டு பக்கமும் நின்னு செயிச்சா அவுருக்கு வெளங்காதா? என் வேல நெலைக்கும், உன் வேல போவும். நான் போயிட்டா பேச்சே இல்ல.

— அதுக்காகவா மட்டய மாட்டிட்டு வந்தீங்க? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?

— கேட்டா வுடுவியா?

— வுடமாட்டன். அதான் நானும் உங்கள கேக்கல.

— என்னாத்த?

— நேத்து காலையிலயே ஆபீசர் பங்களாவுக்குப் போயி எல்லாத்தயும் சொல்லிட்டன். மேஸ்திரி ஒடச்ச தேங்காயில இருந்து ராகிப் பொட்டு வரைக்கும்.

— செல்லி! என்னா காரியம் பண்ணிட்ட! அவுரு என்னா சொன்னாரு?

— மொதல்ல சிரிச்சாரு. பொறவு சிரிக்கல. "தொர பண்ணதும் தப்பு, நீ பண்ணதும் தப்பு. ஆட்டம்னா தர பொதுவா இருக்கணும். மாதப்பன் மேல கொற இல்ல, நான் பாத்துக்கறன். நீ நாளைக்கு ரெண்டு பக்கமும் ஒன்னா பூசிக் குடுத்துட்டு வேலய வுட்டு நின்னுக்க"ன்னாரு. இதான் என் கடைசிப் பூச்சு.

— பதினோரு வருசம் செஞ்ச வேலயம்மா! நான் போயி அவுரு கால்ல வுழறன்.

— வுழாதீங்க. அவுரு சொன்னது ஞாயந்தான். பக்கம் மாறணும்னு எழுதி வெச்சிருக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. நானும் ஒரே பக்கமா ரொம்ப நாளு நின்னுட்டன். அழுவலன்னு சொல்லல. அழுதன். அழுது முடிச்சுட்டுத்தான் சாணி கரைச்சன்.

— இனி என்னா பண்ணுவ?

— மொதல்ல நீங்க இப்படி மேக்கால வாங்க. கால வெச்சுப் பாருங்க.

— ஈரம்னு கத்துன?

— அது கெழக்கால. இந்தப் பக்கம் மொதல்லயே பூசுனது, காஞ்சுடுச்சு. வெச்சுப் பாருங்கன்னா.

— மெத்துனு இருக்குது செல்லி. எம்பக்கமாட்டமே இருக்குது.

— ஒன்னா பூசுன்னுதான் சொன்னாரு. கெட்டியாவா தண்ணியாவான்னு சொல்லல.

— டிரைவரு ஆரன் அடிக்கறான்.

— கேக்குது. போறீங்களா?

— போவட்டும் அது. மட்டய எடுத்துனு வரன். அஞ்சு மணிக்கு முன்ன இந்தப் பக்கம் நின்னு நாலு பந்து அடிச்சுப் பாக்கணும். நீ எறியறியா?

— எறியறன். அதுக்கு முன்ன நீங்க ஒன்னு கேளுங்க.

— சொல்லு.

— உங்க வூட்டுல அந்தப் புல்லு மொளச்ச வாசலு, கெட்டியா ரெண்டு பூச்சு தாங்குமா?