காற்றுக்குக் கதவு வைத்த என் மருமகள்

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி அவர்களே, பொறியாளர்களே, காரோட்டித் தம்பியே, கிரீஸ் கையோடு வந்து நிற்கும் மெக்கானிக் பிள்ளைகளே, உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் மேலாளருக்கும் வணக்கம். அது சபை மரியாதைக்கு. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். இதோ, நான் மெச்சுகிறேன்! என் மகன் கட்டிக்கொண்டு வந்தவள், என் பேத்தியைப் பெற்றவள், உங்கள் பந்தயக் காருக்குக் காற்றுக் கணக்குப் போட்டவள். நீங்கள் அவளைப் பொறியாளர் அம்மா என்றீர்கள். எனக்கு அவள் கடைசிவரை 'இந்தாம்மா'தான்.

அவள் அப்படி என்ன செய்தாள்? எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். காரின் மூக்கில் என்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர், அதன் முதுகில் ஃபேன். இந்தப் பட்டறையில் ஃபேனை மேசைமேல் தனியாக ஓடவிட்டு, அடேயப்பா எவ்வளவு காற்று என்று பூரித்துப்போவது வழக்கம். அவள் ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது என் கையில் துண்டைக் கொடுத்து, "இதை வாயில வச்சுக்கிட்டு ஊதுங்க அத்தை" என்றாள். ஊதினேன். கண் பிதுங்கியது, காற்று வரவில்லை. "ரேடியேட்டருக்குப் பின்னாடி ஃபேனுக்கும் இதே கதிதான்" என்றாள். அன்றைக்கு என் மகன் சிரித்த சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கம்ப்யூட்டரில் வைத்துக் காற்றை ஓடவிட்டாள். கார் மெதுவாகப் போகும்போது ஃபேன் இழுக்க வேண்டும். பறக்கும்போது காற்று தானாக வரும். அப்போது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரின் முதுகை மூடியிருக்கும் கவரே குறுக்கே நிற்கும். வழி என்ன? கவரில் ஓட்டை போட்டு ரப்பர் கதவுகள் வைத்தாள். மெதுவாகப் போனால் ஃபேனின் இழுப்பில் மூடிக்கொள்ளும். வேகமெடுத்தால் காற்றே தள்ளித் திறந்துகொள்ளும். அதன்பிறகு கார் கொதித்ததுண்டா? ஒரு முறையாவது கொதித்ததுண்டா?

அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். அடுத்த பந்தயத்தன்று கதவுகள் படபடவென்று அடிப்பது மேலாளரின் காதுக்கு இதமாக இல்லை. டேப் போட்டு ஒட்டச் சொன்னார், ஒட்டினார்கள். முழு வேகத்தில் கார் கொதித்து ஆவி கக்கி நின்றது. டேப்பைப் பற்றி அவர் வாய் திறந்தாரா? கணக்குத்தான் தப்பு என்றார். அதுவும் படுக்கையில் கிடந்தவளிடம், போனில்.

காரோட்டித் தம்பி பார்க்க வந்தபோதுதான் டேப் விஷயம் தெரிந்தது. அவள் அழுதாளா? கம்ப்யூட்டரை மடியில் வைக்கச் சொன்னாள். அதில் கதவுகளை மூடிவிட்டுக் காற்றை ஓடவிட்டாள். கார் எந்தச் சூட்டில் நின்றதோ, அதே சூடு திரையில் வந்தது. மேலாளருக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. அவள் போய்விட்டாள்.

இப்போது புதிய காரில் பழையபடி ஓட்டையில்லாத கவரையே மாட்டியிருக்கிறார்களாம். இந்தக் கூடத்துக்கு அவள் பெயரை வைக்கப்போகிறார்களாம். கணக்குத் தப்பென்றால் பெயர் எதற்கு ஐயா? சரியென்றால் அவள் கவர் எங்கே ஐயா?

அவளை எடுத்த அன்று காரோட்டித் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, அவங்க கவர் இல்லாம நான் வண்டியில ஏற மாட்டேன்" என்றார். ஏன் தம்பி தலையைக் குனிகிறீர்கள்? நிமிர்ந்து உட்காருங்கள். குனிய வேண்டியவர் வேறு ஆள்.

அவள் போட்ட கணக்கு எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. பொறியாளர்கள் வந்து பாருங்கள், மேற்கொண்டு நடத்துங்கள். பந்தயத்துக்குப் பந்தயம் நானும் வருவேன். கவரைக் கையால் தடவிப் பார்க்காமல் காரை வெளியே விடமாட்டேன்.

அடுத்து மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்வார்கள். நிற்போம். ஆனால் எழுந்தவர்கள் திரும்ப உட்கார வேண்டாம். பட்டறை பக்கத்துக் கட்டடம்தான். புதிய கார் அங்கேதான் நிற்கிறது. பழைய காரில் கழற்றிய அவள் கவரும் அங்கேதான் கிடக்கிறது. அவள் கவரை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மேலாளரே, நீங்களும் வாருங்கள். ஸ்பானர் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும்.