ஆறாவது வண்டி

தனியாக கேம்பர் வேனில் போகிறவனுக்கு இரண்டே கவலைகள்தான். டீசல் இருக்கிறதா, காபிக்குத் தண்ணீர் இருக்கிறதா. இரண்டும் இருந்துவிட்டால், கடல் தெரிகிற ஏதாவது ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, கலைமான் கூட்டம் சாலையைக் கடந்து முடிக்கிற வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான் அப்படித்தான் வடக்கே போய்வந்தேன். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் முப்பத்து நான்கு வருடம் மீன் ஆலையில் குளிர்பதன இயந்திரங்களைக் கவனித்துக்கொண்டவன். அந்த இரைச்சல் வீட்டுக்கும் கூடவே வரும். என் மனைவி பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. அவள் பிரிந்து போகப்போகிறாள் என்பதே எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அதனால் அமைதி என்றால் எனக்குச் சாப்பாடு மாதிரி என்று சொன்னால் மிகையில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போர்கில் என்ற அந்த அம்மாவை முதலில் பார்த்தது ஆல்ட்டா நகருக்கு வடக்கே, ஒரு கடல்கழி ஓரத்தில். ஒருவன் ஒதுக்குப்புறமாக வண்டியை நிறுத்தியிருந்தால், அடுத்து வருகிறவர் நூறு மீட்டராவது தள்ளித்தான் நிறுத்துவார். பேருந்தில்கூடப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்தானே நமக்கெல்லாம் நிம்மதி. போர்கில் தன் சிவப்பு வேனை என் கதவுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிறுத்தினார்.

"தண்ணி கொதிக்குதா தம்பி? எனக்கும் சேர்த்து வையி."

"ஒருத்தருக்குத்தான் காபிப்பொடி வெச்சிருக்கேன்" என்றேன்.

"அதனால என்ன, பொடி என்கிட்ட இருக்கு. தண்ணிதான் உறைஞ்சு கிடக்கு."

அவருக்கு அறுபத்தெட்டு வயது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதைப் பேச்சுவாக்கில் கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து நான் அவருக்குத் தம்பி. முடி வெட்டும் கடை வைத்திருந்தவர், பேசிப் பேசிப் பழகிய வாய். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இருவருமாகப் போகத் திட்டமிட்டிருந்த பயணத்தை அவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். வண்டியின் ஹீட்டர் சரியில்லை, டயரும் தேய்ந்திருந்தது. இவ்வளவையும் அவர் ஒரு கோப்பை காபி முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

அடுத்த நான்கு நாட்களும் நான் நிறுத்திய இடத்திலெல்லாம் அவரும் நிறுத்தினார். விடியற்காலையில் கிளம்பிப் பார்த்தேன். மீன்பிடி கிராமம் ஒன்றின் படகுத்துறைக்குப் பின்னால் ஒளிந்துகூடப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் சிவப்பு வேன் வந்து நின்றது. "பயப்படாத, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்ல மாட்டேன். முன்னாடி போறதுக்கு ஒரு ஆளு இருந்தா என் வண்டி நேரா ஓடுது, அவ்வளவுதான்" என்று சிரித்தார். கெட்டவர் இல்லை. வாஃபிள் சுட்டால் எனக்குப் பாதி வரும், மேலே பழுப்புச் சீஸ் தாராளமாக இருக்கும். ஆரஞ்சுப் பழம் தினமும் இரண்டு தருவார், ஈஸ்டருக்கு ஆரஞ்சு சாப்பிடாதவன் மனுசனா என்பார். நான் வாங்கிக்கொள்வேன். நன்றியும் சொல்வேன்.

ஈஸ்டர் விடுமுறையில் கொலைக் கதை படிப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வருடம் முழுவதும் காத்திருந்து ஒரு நல்ல தடித்த புத்தகமாக வாங்கி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதன் எண்பதாம் பக்கத்தில் இருந்தபோது போர்கில் என் சன்னலில் தலையை நீட்டினார்.

"அடடே, இதுவா? நல்ல கதை தம்பி. தபால்காரன்தான் பண்ணியிருப்பான், கடைசி வரைக்கும் உனக்குச் சந்தேகமே வராது."

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். கோபப்படவில்லை. மறுநாள் மேட்டுச் சாலையைத் தாண்டியதும் அவரை விட்டுவிட்டுப் போய்விடுவது என்று மட்டும் முடிவு செய்தேன். மறுபக்கம் இறங்கியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும், நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை பிற்பகல் மேட்டுச் சாலை தொடங்கும் இடத்தில் உள்ள தடுப்புக் கட்டைக்கு வந்தபோது காற்று கிளம்பிவிட்டது. பனி தள்ளும் லாரிக்குப் பின்னால் அணியாகத்தான் போக முடியும் என்றார்கள். ஆறு வண்டிகள் இருந்தன. லாரி ஓட்டியவர் ஆந்தே, இந்த வடக்கின் பழங்குடியான சாமி இனத்தவர், நாற்பது வயது இருக்கும். வழக்கமாக அணியின் கடைசியில் சாலைப் பணியாளர்களின் துணை வண்டி ஒன்று வரும். அன்று அது மறுபக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஆந்தே ஒவ்வொரு சன்னலாகத் தட்டி ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"முன்னாடி தெரியுற விளக்கை விட்டுடாதீங்க. பின்னாடி தெரியுற விளக்கையும் விட்டுடாதீங்க. பின்னாடி வெளிச்சம் காணாமப் போனா ஹாரனை விடாம அடிங்க. உங்களுக்கு முன்னாடி இருக்கிறவரும் அடிப்பாரு, அது என் காதுக்கு வந்துடும். நான் நிறுத்திடுவேன்."

வலுவில்லாத வண்டியை லாரிக்கு அடுத்தாற்போல் விடுவது வழக்கம். ஆந்தே சிவப்பு வேனின் டயரைக் குனிந்து பார்த்தார். என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க சேர்ந்து வர்றவங்கதானே, அந்த அம்மா வண்டி தாங்குமா?" என்று கேட்டார். தாங்கும் என்றேன். நாலு நாளாக என் பின்னால்தான் ஓட்டுகிறார், கடைசியிலேயே வரட்டும் என்றேன். அவர் முன்னால் போனால் மறுபக்கம் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது வேண்டாம். அப்போது என் மனதில் இருந்தது இவ்வளவுதான்.

கிளம்பும் முன் போர்கில் இறங்கி வந்து ஒரு வாக்கி-டாக்கியை என் கையில் திணித்தார். அவரும் கணவரும் வைத்திருந்த ஜோடியில் ஒன்று. கூடவே ஒரு ஆரஞ்சு. "பின்னாடி என்னைப் பார்த்துக்கோ தம்பி. உன் கண்ணு கண்ணாடியில இருக்குன்னு தெரிஞ்சா எனக்குக் கை நடுங்காது." பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

மேட்டின் பாதியில் ஒரு வளைவுக்குப் பிறகு என் கண்ணாடியில் விளக்குகள் வரவில்லை. பனி மூட்டத்தில் சில நொடிகள் அப்படி ஆவது உண்டு. நான் எண்ணினேன். அறுபது வரை எண்ணினேன். பிறகு ஹாரன் மேல் கையை வைத்தேன். அழுத்தவில்லை. ஏன் என்று இந்த இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி காலியாக இருந்தது, நான்கு நாட்களில் முதல் தடவையாக. அது எனக்குப் பிடித்திருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாம் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

மறுபக்கத்தில் ஆந்தே இறங்கி வந்து எண்ணினார். ஐந்துதான் இருந்தது.

"சிவப்பு வண்டி எங்கண்ணே?"

"அவங்க கிளம்பவே இல்ல. தடுப்புகிட்டயே மனசு மாறித் திரும்பிட்டாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அணியில் போகும்போது, பின்னால் வந்தவரைப் பற்றி முன்னால் வந்தவர் சொல்வதுதான் சாட்சி. அதில் யாரும் பொய் சொல்வதில்லை, அதனால் யாரும் சந்தேகப்படுவதுமில்லை. "நல்லதாப் போச்சு, இந்தக் காத்துக்கு அதுதான் புத்தி" என்றார். காற்று மேலும் கூடியதால் சாலையை அன்றைக்கு மூடிவிட்டார்கள். நான் இடது பக்கம் திரும்பிக் கடலை நோக்கிப் போனேன். நல்ல இடம் கிடைத்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை.

ஞாயிறு காலை அவரைத் தோண்டி எடுத்தார்கள். குளிருக்காக எஞ்சினை ஓட விட்டிருக்கிறார், புகைக்குழாயைப் பனி மூடி, நச்சுப்புகை வண்டிக்குள் வந்துவிட்டது. நான்கைந்து மணி நேரம் உயிரோடு இருந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகச் செய்தித்தாளில் படித்தேன். லாரி திரும்பிப் போயிருந்தால் நாற்பது நிமிடத்தில் அவரிடம் சேர்ந்திருக்கும்.

அப்போது உங்கள் போலீஸ் இலாகாவில் என்னை விசாரித்தவர்கள் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். விளக்கு தெரியாததால் திரும்பிவிட்டார் என்று நினைத்துவிட்டேன் என்றேன். யாருக்கும் வரக்கூடிய தவறு என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர் என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

நான் இன்று இங்கே வந்ததற்குக் காரணம் ஆந்தே. போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். உறைந்த கலைமான் இறைச்சியில் ஒரு பெரிய துண்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். லாரி வேலையை விட்டுவிட்டாராம். ஆள் பாதியாகிவிட்டார்.

"உங்ககிட்ட மன்னிப்பு கேட்கணும்னு ரெண்டு வருசமா நினைச்சுக்கிட்டே இருக்கேண்ணே" என்றார். "எண்ணிக்கை குறைஞ்சா திரும்பிப் போய்ப் பார்க்கிறது என் வேலை. உங்க வார்த்தையோட நிறுத்திக்கிட்டேன். பாவம், உங்க தலையிலயும் பாரத்தை ஏத்திட்டேன்."

"விடுங்க ஆந்தே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று நான் ஆறுதல் சொன்னேன். என் குரல் எவ்வளவு இயல்பாக வந்தது என்பதைக் கவனித்தபோதுதான் எனக்கு என்மேல் அருவருப்பு உண்டானது. அவர் போன பிறகு அந்த இறைச்சியைத் தொட முடியவில்லை. ஆந்தே இனியாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. இறந்துகிடந்த போர்கிலின் கையில் வாக்கி-டாக்கி இருந்ததைப் பார்த்துவிட்டு, அதன் ஜோடி எங்கே என்று அப்போது விசாரித்தவர்கள் கேட்டார்கள். என்னிடம்தான் கொடுத்தார், ஆனால் பேட்டரி தீர்ந்திருந்தது என்றேன். தீர்ந்திருக்கவில்லை. வளைவு தாண்டி ஒரு நிமிடத்திலேயே போர்கில் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டி சாலை ஓரத்துல இறங்கிடுச்சு. ஒண்ணும் அடிபடல. நீ ஹாரன் அடிச்சுட்டியா?"

கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, கேக்குதா?" என்றார். அப்புறம் ஹீட்டரைப் பற்றிச் சொன்னார், கணவரைப் பற்றிச் சொன்னார். ஒன்பது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நடுநடுவே என் பதிலுக்காக நிறுத்தினார். தூரம் கூடக்கூடக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியாகத் தெளிவாகக் கேட்டது இதுதான்: "அந்தத் தபால்காரன் விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. கோவமா இருந்தா இருந்துக்கோ, ஒரு வார்த்தை மட்டும் பேசு."

நான் அதை அணைத்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு, ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டேன்.