ஐயா கேட்ட டொக்டர்

மயில்வாகனம் : மிஸி, கையை எடும். இது நேர்ஸ் பாக்கிற வருத்தமில்லை, டொக்டர் வந்து பாக்கட்டும்.

பரிமளம் : டொக்டர் வந்துதான் ஐயா பாக்குறேன். எங்க, ஒரு தடவ இருமுங்க...

மயில்வாகனம் : ஆ... ஐயோ! நீரோ டொக்டர்?

பரிமளம் : ஆமாங்க, டொக்டர் பரிமளம். இந்தக் குழாய அழகுக்கா கழுத்துல போட்டிருக்கேன்?

அன்னலட்சுமி : தமிழ்ப் பிள்ளை எண்டால் எங்களுக்குக் கதைக்கவும் சுகம்தானே, இஞ்சருங்கோ.

மயில்வாகனம் : அன்னம், நீர் பேசாமல் இரும். பிள்ளை... ஊர் எது?

பரிமளம் : கண்டிங்க.

மயில்வாகனம் : கண்டி இருக்கிற இடம். நாங்களும் முப்பது வருஷமாய்க் கண்டியிலைதான் இருக்கிறம். அதுக்காக இது எங்கடை ஊரோ? நான் கேட்டது சொந்த ஊர்.

பரிமளம் : உங்க குடலுக்கும் சொந்த ஊரு வயிறுங்க. அது வெளிய எறங்கி வந்து மாட்டிக்கிட்டுக் கெடக்கு. மொதல்ல அத ஊருக்கு அனுப்புவமா?

அன்னலட்சுமி : ஹ்ம்... ஹி ஹி...

மயில்வாகனம் : சிரியாதையும்! இஞ்சை உயிர் போகுது.

பரிமளம் : அதத்தான் நானும் சொல்றேன். சிக்குன குடலுக்கு ரத்தம் போகல. இப்பவே வெட்டிச் சிக்க எடுத்துவிடணும், இல்லாட்டி குடல் அழுகிரும். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, தியேட்டருக்குக் கொண்டு போயிடுறோம்.

மயில்வாகனம் : ஆர் வெட்டுறது?

பரிமளம் : நான்தான்.

மயில்வாகனம் : ...அப்பா என்ன செய்யிறார்?

பரிமளம் : அப்பாவா ஐயா வெட்டப் போறாரு?

அன்னலட்சுமி : குறை நினையாதேங்கோ பிள்ளை. ஆரைக் கண்டாலும் இவர் இப்பிடித்தான், வேர் கிண்டிப் பாப்பார்.

பரிமளம் : கிண்டட்டும்மா. அப்பா பேரு செல்லச்சாமி. கலஹா பக்கத்துத் தோட்டத்துல தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறவரு. கத்தி புடிக்கிறது எங்க குடும்பத்துக்குப் பழக்கந்தான், பயப்படாதீங்க.

மயில்வாகனம் : தோட்டம்...

பரிமளம் : தோட்டந்தாங்க.

மயில்வாகனம் : அப்ப பேராதனைக்கு டொக்டருக்குப் படிக்க... கோட்டாவிலை வந்தனீராக்கும்?

பரிமளம் : பஸ்ஸுல வந்தேங்க. நின்னுக்கிட்டே.

மயில்வாகனம் : பகிடி விடாதையும். என்னைப் பிழையாய் விளங்கக் கூடாது, பிள்ளை. எனக்கு உந்தத் துவேஷம் துண்டறக் கிடையாது. துவேஷத்தாலை அடிபட்டவன் நான். ஐம்பத்தாறிலை சிங்களம் மட்டும்தான் எண்டு சட்டம் வந்தது... அரசாங்கக் கந்தோரிலை எனக்கு வரவேண்டிய கதிரையிலை, நான் வேலை பழக்கின சிங்களப் பெடியன் ஏறி இருந்தான். அண்டைக்குச் சொன்னனான், தமிழனைத் தமிழன்தான் பாக்கவேணும் எண்டு.

பரிமளம் : அப்ப நல்லதாப் போச்சு. தமிழச்சி வந்து நிக்கிறேன்.

மயில்வாகனம் : அது... அது வேறை.

பரிமளம் : எதுங்க வேற?

மயில்வாகனம் : நீங்கள்... வேறை ஆக்கள்தானே... ஆ... அம்மா!

அன்னலட்சுமி : கடவுளே! ஓம் எண்டு சொல்லுங்கோவன்!

மயில்வாகனம் : பொறும்... பிள்ளை, கோவியாதையும். உங்கடை பெரிய டொக்டர், அந்தச் சிங்களவர்... நல்ல குடும்பத்து மனுசன் போலை கிடக்கு. அவர் வெட்டட்டும்.

பரிமளம் : சிங்களவரு வெட்டுனாப் பரவாயில்லையா?

மயில்வாகனம் : வைத்தியத்திலை என்ன இனம், என்ன மொழி...

அன்னலட்சுமி : போதும்! உயிர் போற நேரத்திலை என்னத்தை ஒளிக்கிறது? பிள்ளை, நீங்கள் தோட்டத்து ஆள் எண்டு இவருக்குக் காலமையே தெரியும். பக்கத்துக் கட்டில்காரரிட்டை விசாரிச்சு, ‘அந்தத் தோட்டக்காட்டுப் பெட்டை எனக்கு வேண்டாம், பெரியவரை வரச் சொல்லு’ எண்டு மிஸியிட்டைச் சொல்லியும் விட்டவர். தெரிஞ்சுகொண்டுதான் உங்களை மிஸி எண்டு கூப்பிட்டு, ஊரும் கேட்டவர்.

மயில்வாகனம் : அன்னம்!

பரிமளம் : விடுங்கம்மா. மிஸி பெரியவருகிட்டப் போயி சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்.

மயில்வாகனம் : ...அப்ப பெரியவர் என்ன சொன்னவர்? வாறாராமோ?

பரிமளம் : ‘அந்த ஆளும் தெமள, நீயும் தெமள. ஒங்களுக்குள்ள எந்தத் தமிழு ஒசத்தின்னு எனக்கு எதுக்கு? நீயே வெட்டு’ன்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு ஐயா. தமிழ் ஆளுன்னா அவரு கத்தியத் தொட மாட்டாரு, சிங்கள ஆளுன்னா என்னையத் தொட விடமாட்டாரு.