பட்டு மூடிய கல்லும் ஒன்பது பெரியவர்களும்

…ஆக, மைக்கை யாரு முதல்ல தொடுறதுங்கிற வழக்கு முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா? முடிஞ்சிருச்சுன்னா நான் பேசுறேன். இல்லேன்னா சொல்லிருங்க, வீட்டுல போயி உலை வச்சுட்டு வாரேன்.

சரி, தலையாட்டுறாங்க. மேடையில ஒன்பது தலையும் ஒண்ணா ஆடி இன்னிக்குத்தான் பாக்குறேன். மீனாட்சித் தாயே, உன் கருணை!

வைகை வற்றினாலும் வாழ்த்து வற்றாத வளமான மதுரை மண்ணில், கொடுப்பதற்கென்றே கூடியிருக்கும் கொடைக் கோமான்களே! தென்கரை மக்கள் நல நிதி வாரியத்தின் தலைவர், தங்கமான குணமும் தளராத குரலும் படைத்த அழகுராஜா அவர்களே! துணைத் தலைவர், தூண் போல நின்று எவரையும் தாண்ட விடாத சூரியபிரகாஷ் அவர்களே! வாரியத்தின் ஒரே பெண் உறுப்பினர், வாய்மையும் வாய்ப்பேச்சும் வற்றாத ஜெயக்கொடி அம்மையார் அவர்களே! பேர் சொல்லாவிட்டால் கோபிக்கும் மற்ற ஆறு பெரியவர்களே! நரைத்த தலையும் நிறைந்த மனமுமாய் வீற்றிருக்கும் மூத்தோரே! பெற்ற வயிற்றில் பசியைக் கட்டிக்கொண்டு பிள்ளைக்கு ஊட்டும் தாய்மார்களே! வடை எப்ப வரும்னு வாசலையே பாக்குற தம்பிமாரே! அம்புட்டுப் பேருக்கும் என் வணக்கம்.

வரிசை தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க. அடுத்த வாட்டி பின்னாலருந்து சொல்றேன்.

என் பேரு சோலையம்மாள். அவனியாபுரம் தாண்டி ரிங் ரோட்டோரம் இருக்கிற காய்கறிச் சந்தையில பூ விக்கிறேன். சந்தைப் பொம்பளைங்க சங்கத்துக்கு நாந்தான் தலைவி. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல இருந்த வகுப்பு எங்க ஊருக்கு வரல, நானும் அதைத் தேடிப் போகல. வாரியத்தால பலன் அடைஞ்சவங்க சார்பா நன்றி சொல்லணும்னு கூப்பிட்டு விட்டாங்க. நன்றி சொல்லாம இறங்க மாட்டேன். ஆனா எதுக்கு நன்றின்னு சபைக்குத் தெரியணும்ல?

அதுக்கு முன்னால, முன் வரிசையைப் பாருங்க. பச்சைச் சேலை கட்டி, மடியில பாட்டிலை வச்சு, நான் பேச ஆரம்பிச்சதுலருந்து தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்காளே, அவதான் ராமக்காள். எங்க சந்தையில கீரை விக்கிறா. இப்ப மேடையேறித் தலைவருக்கு மஞ்சப் பட்டு போத்துனதும் அவதான். நல்லாத்தானே இருக்கு? போத்துனவுடனே தலைவரு தடவிப் பாத்துட்டு, "இது எந்தக் கடைம்மா?"ன்னு அவ காதுல கேட்டாரு. அவ சிரிச்சுட்டு எறங்கிட்டா. மத்த எட்டுப் பேருக்கும் துண்டுதான். அதுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்கய்யா, துண்டும் நல்ல துண்டு.

ராமக்கா, மெதுவாக் குடி ஆத்தா, புரையேறிரும்.

அவ இப்படித் தண்ணி குடிக்கிறதைப் பாத்து நாங்க சந்தோசப்படுறோம். ஏன்னு கேளுங்க. விடியக் காத்தால கீரைக் கட்டோட பஸ் ஏறுறவ, அந்தி சாயுற வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்க மாட்டா. சித்திரை வெயில்ல நாக்கு மேலண்ணத்துல ஒட்டும். பக்கத்துக் கடை சிவபாண்டி மோரை நீட்டுவான். "வேண்டாம் தம்பி, வயிறு சரியில்ல"ம்பா. வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. குடிச்சா எங்க போறது? சந்தைக்குப் பின்னால ஒரு சுவரு. சுவத்துக்கு அங்கிட்டு லாரி நிக்கும். லாரிக்குள்ள ஆம்பளைங்க படுத்திருப்பாங்க. முந்நூறு பொம்பளைங்க வியாபாரம் பண்ற இடத்துல ஒதுங்க ஒரு மறைவு இல்லாம இருந்தோமய்யா.

ஒரு நாள் தராசைப் பிடிச்ச கையோட அப்படியே சாஞ்சா. ஷேர் ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். டாக்டரம்மா சத்தம் போட்டுச்சு. "இப்படித் தண்ணி குடிக்காமலே இருந்தா கிட்னி கெட்டுப் போகும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது. ஏம்மா குடிக்க மாட்டேங்கிற?"

"குடிச்சா எங்க போறது டாக்டரம்மா?"ன்னு இவ கேட்டா.

அந்தம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவை மூடி வச்சிருச்சு.

அப்பத்தான் நாங்க வாரியத்துக்கு வந்தோம். வந்தாரை வரவேற்று, கேட்டாருக்குக் கொடுத்து, கொடுத்ததைக் கூட்டம் போட்டுச் சொல்லும் குணக்குன்றுகள் அல்லவா இவர்கள்? கொடுத்தாங்க! பொய் சொல்லக் கூடாது, தாராளமாக் கொடுத்தாங்க. சந்தை முகப்புலயே கழிப்பறைக் கட்டடம் எந்திரிச்சுச்சு. ரோஸ் கலர் டைல்ஸ், மேல தண்ணித் தொட்டி, கதவுக்கு உள்தாப்பா, கை கழுவக் கண்ணாடி வச்ச தொட்டி. எங்க சங்கத்து முனீஸ்வரி அதைப் பாத்துட்டு, "அத்தே, இதுல குடி வந்துரலாம் போலருக்கே"ன்னா. என்ன முனீஸ்வரி, சொன்னியா இல்லையா? இப்ப வெக்கப்படுறா பாருங்க.

கட்டடம் முடிஞ்சது சீக்கிரம். கல்வெட்டுதான் முடியல.

யாரு பேரு மேல? நம்ம ஊர்ல முதல் மரியாதைன்னா சும்மாவா? கோயில்ல பரிவட்டம் மாறிப் போனா ரெண்டு தலைமுறை பேச்சுவார்த்தை நின்னு போற சீமை இது. தலைவரு தன் பேரு மேலங்கிறாரு. துணைத் தலைவரு, "ஃபைலை நகத்துனது நானு"ங்கிறாரு. அக்கா ஜெயக்கொடி, "பொம்பளைங்க கட்டடத்துல பொம்பளை பேரு கீழயா?"ங்கிறாங்க. கூட்டம் போட்டாங்க, டீ குடிச்சாங்க. மறுபடியும் கூட்டம், மறுபடியும் டீ. கடைசியில ஒரு முடிவு. என்ன முடிவு தெரியுமா? ஒன்பது பேரையும் வட்டமா வெட்டிர்றது! சக்கரம் மாதிரி. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. கல்லு வெட்டுன ஆசாரி என்கிட்ட வந்து, "சோலையக்கா, இதைப் படிக்கணும்னா கல்லைச் சுத்தி வரணுமா, கல்லைச் சுத்தி விடணுமா?"ன்னு கேட்டாரு. எனக்கே தலை சுத்துச்சு.

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு.

திறப்பு விழா அன்னிக்குக் கல்லு மேல மஞ்சப் பட்டு போத்தி, சிவப்புக் கயிறு கட்டி, மேளத்துக்குச் சொல்லி, எல்லாம் தயார். கயிறு ஒண்ணு. கை ஒன்பது. "நான் தலைவர்"னு ஒரு கை. "நான்தான் கொண்டாந்தேன்"னு ஒரு கை. "கழிப்பறை பொம்பளைங்களுக்குன்னா பொம்பளைதானே இழுக்கணும்?"னு ஒரு கை.

"அப்ப ஆம்பளைங்க பேரு எதுக்கும்மா கல்லுல?"ன்னு தலைவரு கேட்டாரு.

"அதத்தான் நானும் கேக்குறேன்"னு அக்கா சொன்னாங்க.

அம்புட்டுதான். காரு ஒண்ணொண்ணாக் கிளம்பிருச்சு. மேளக்காரரு அடிச்ச கையை நிறுத்தலாமா வேண்டாமான்னு தெரியாம ரோட்டு வரைக்கும் அடிச்சுக்கிட்டே போனாரு. போறப்ப துணைத் தலைவரு வாச்சுமேன் விருமாண்டிகிட்ட கட்டன்ரைட்டாச் சொன்னாரு: "கல்லுல துணி விலகுனாத்தான் கட்டடம் திறந்த மாதிரி. அதுவரைக்கும் ஒரு ஈ உள்ள போகக் கூடாது. துணி விலகுச்சுன்னா நீயே கதவைத் திறந்து விடலாம், எங்களைக் கேக்க வேண்டியதில்ல." விருமாண்டி சொன்ன சொல்லு மாறாத ஆளு. ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாரு.

நாளாச்சு. இப்ப சொல்லுங்க தாய்மாரே. ரோட்டோரமா ஒரு கல்லு. மேல மஞ்சப் பட்டு. சிவப்புக் கயிறு. பக்கத்துல பூக்கடை. நம்ம சனம் சும்மா போகுமா? ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நின்ன அம்மா ஒண்ணு செருப்பைக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுச்சு. மறு வெள்ளி எலுமிச்சம்பழம். அதுக்கு மறு வெள்ளி அகல் விளக்கு. ஆடி பிறந்ததும் கூழே ஊத்திட்டாங்க. பந்தல் போட்டு, வேப்பிலை கட்டி, மணியும் தொங்க விட்டாச்சு. பேரு பட்டுமூடி அம்மன்! நான் சாமி கும்பிடுறவ. வருசா வருசம் அழகரு ஆத்துல எறங்குறப்ப தண்ணி பீச்சுறவங்க கால்ல எல்லாம் விழுந்து எந்திரிக்கிறவ. "இது சாமி இல்ல"ன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? யாரு கும்பிட்டாலும் அந்தக் கும்பிடு போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதானே?

ஒரு சாயங்காலம் கே.கே. நகர்லருந்து காரு ஒண்ணு வந்து நின்னுச்சு. இறங்குனது நம்ம வாரியத்துப் பெரியவர்தான். யாருன்னு சொல்ல மாட்டேன். பந்தலும் வேப்பிலையும் மறைச்சதுல அவருக்கு இடம் பிடிபடல.

"பூக்காரம்மா, இந்த அம்மன் கேட்டது குடுக்குமா?"ன்னாரு.

"ஒன்பது பேரு சேந்து குடுக்காததைக் குடுக்குமான்னு தெரியலய்யா. கேட்டுத்தான் பாருங்களேன்"னேன்.

தேங்காயை உடைச்சாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. "தாயே, அடுத்த வருசம் அந்தத் தலைவர் நாற்காலி எனக்குத்தான் வரணும்"னு சத்தமாவே வேண்டுனாரு. தன் பேரு வெட்டுன கல்லு முன்னால, தன்னைத் தானே கும்பிட்டு, தனக்கே வேண்டுதல் வச்ச மகராசன்!

ஏண்ணே இருமுறீங்க? யாராச்சும் துணைத் தலைவருக்குத் தண்ணி குடுங்கப்பா. நான் பேரே சொல்லலியே.

அப்புறம் நாங்க பொம்பளைங்க திரண்டு வாரியத்துக்குப் போனோம். கூட்டத்துல நின்னு, "ஐயா, கட்டடத்தைத் திறந்து விடுங்க"ன்னோம். தலைவரு காதைப் பொத்துனாரு. "கோயிலுக்கு எதுக்க கழிப்பறையா? என்னம்மா பேசுற, அபச்சாரம்!"ன்னாரு. ஒன்பது பேரும் அன்னிக்கு ஒத்துமை. சாமிக்கு முகப்பு கட்ட நிதி ஒதுக்கலாம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ராமக்கா சுவத்துல சாஞ்சு நின்னா. உதடு வெடிச்சிருந்துச்சு. அங்கயும் தண்ணி குடுத்தாங்க. அங்கயும் அவ வாங்கல.

அன்னிக்கு எனக்கு வந்துச்சுய்யா கோவம்!

அம்மன் பேரைச் சொல்லி அடைக்கிறீர்களே, அம்மனைக் கேட்டீர்களா? கருப்பையில் உயிரைக் காக்கும் தாய், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் மகளைக் கண்டு மகிழ்வாளா? தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பயப்படும் பிள்ளையிடம் தேங்காய் கேட்பாளா? தன் வாசலில் ஒரு பெண் வாடி விழுவதைப் பார்த்துக்கொண்டு வாழ்த்துவாளா? அடக்கி வச்சுக்கிட்டு நில்லுடின்னு பொம்பளைகிட்டச் சொல்ற சாமி இந்த மதுரைச் சீமையிலேயே கிடையாது! இருந்தா எனக்குக் காட்டுங்க, நான் போயிப் பேசிக்கிறேன்!

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. மேடையிலயும் தட்டலாம், யாரு முதல்ல தட்டுறதுன்னு பாக்க வேண்டாம்.

நாங்க முறைப்படி கேட்டோம். நேத்து வெள்ளிக்கிழமை, செவப்புப் பூ ஒரு பொட்டணம், வெள்ளைப் பூ ஒரு பொட்டணம் கட்டி அம்மன் காலடியில போட்டோம். வெள்ளை வந்தா அம்மா இடம் மாறச் சம்மதம். எங்க சங்கத்துச் சுந்தரம்மாவோட பேத்தி ஒண்ணை எடுத்துக் குடுத்தா. பிரிச்சா மல்லி! குலவை போட்ட சத்தத்துல விருமாண்டி ஸ்டூல்லருந்து விழுந்துட்டாரு. அப்புறம் கலசத்துல தண்ணி நிறைச்சு, அம்மாவை அதுல இறக்கி, சந்தையோட கிழக்கு மூலை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாச்சு. அங்க நிழலும் இருக்கு, காத்தும் இருக்கு. விளக்கும் ஏத்தியாச்சு. ஆக, இப்ப அந்தக் கல்லு சாமி இல்ல. வெறும் கல்லு. ஒன்பது பேரு மட்டும் இருக்கிற கல்லு.

ஆகவே பெரியோர்களே! கொடுத்தல் என்பது கையைத் திறப்பது. நீங்கள் கையைத் திறந்தீர்கள். கயிற்றை விட மறுத்தீர்கள். கட்டடம் கொடுத்தீர்கள், கதவைக் கொடுத்தீர்களா? டைல்ஸ் கொடுத்தீர்கள், தைரியமாய் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் உரிமையைக் கொடுத்தீர்களா? உங்கள் பேர் கல்லில் இருந்தால் மழை அழிக்கும், வெயில் அழிக்கும், சந்தை ஆடு வந்து உரசி அழிக்கும். ராமக்கா நெஞ்சில் இருந்தால் யார் அழிப்பார்? எங்கள் முந்நூறு பேர் நெஞ்சில் இருந்தால் எந்த ஆடு வந்து உரசும்? அந்தத் துணியை விலக்க உங்களுக்கு எது தடை? சொல்லுங்க. இந்தச் சபை முன்னால சொல்லுங்க. யாரு வாரீங்க? யாரு கயிறை இழுக்குறீங்க?

…அட, ஒன்பது பேரும் எந்திரிச்சுட்டாங்களே!

ஐயா, தள்ளாதீங்க. அக்கா, அவரு சட்டையை விடுங்க. தலைவரே, பட்டு நழுவுது, தூக்கிப் போட்டுக்கங்க. "தலைவர்தான் இழுக்கணும்"னு நீங்க சொல்றதும் கேக்குது, "நாந்தான் கொண்டாந்தேன்"னு அண்ணன் சொல்றதும் கேக்குது. ரொம்ப நாளைக்கு முந்திக் கேட்ட அதே பேச்சு. உக்காருங்கய்யா, உக்காருங்க. சபை பாக்குது. வடை வந்துருச்சு, அதையாச்சும் சேந்து சாப்பிடுங்க.

எனக்குக் குடுத்த நேரம் போயே போச்சு. கொடுத்த வாரியத்துக்கு நன்றி. கட்டிய கைகளுக்கு நன்றி. காத்திருந்து காத்திருந்து கால் கடுத்த என் அக்கா தங்கச்சிகளுக்குக் கோடி நன்றி. பொறுமையா இருந்த மைக்செட் தம்பிக்கும் நன்றி. சொல்லில் குற்றம் இருந்தால் பொறுத்து, சொன்னதில் நியாயம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி காவலில் அனைவரும் தாகம் தீர்ந்து வாழ்க! போயிட்டு வாரேன், வணக்கம்.

…இருங்க, இருங்க, ஒண்ணு விட்டுப் போச்சு. தலைவரே, எந்தக் கடைன்னு ராமக்காகிட்டக் கேட்டீங்கள்ல, அந்தப் பட்டு? கடையில வாங்குனது இல்லைங்க. காலையில கல்லுலருந்து அவதான் இழுத்தா. சுந்தரம்மா அலசி, இஸ்திரி போட்டுக் குடுத்தா. அம்மனுக்குச் சாத்துன பட்டு, உங்க தோளுக்குக் குறைச்சலா என்ன? துணி விலகுனவுடனே விருமாண்டியும் கதவைத் திறந்து விட்டுட்டாரு.