நாலு நியூட்ரான் அதிகம்

— மத்ததெல்லாம் அப்புறம் அண்ணி. தண்ணி எவ்வளவு குடிச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க.

— ஒரு குளத்தயே குடிச்சிட்டேன்டி அம்மா. இன்னும் ஒரு செம்பு உள்ள போனா வயித்துல மீன் வளக்கலாம். எச்சி ஊறணும்னு கொடுத்த புளிப்பு மிட்டாயும் சப்பிக்கிட்டேதான் இருக்கேன், நாக்கு தோலுரிஞ்சு போச்சு. போதுமா? இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நீ எங்க நிக்கிறே?

— கீழதான். வண்டி நிறுத்தற இடத்துல.

— அது தெரியுதே. மூணாவது மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா உன் பச்சைக் குடை மட்டும் தெரியுது. ஏன் அங்கயே நிக்கிறேன்னு கேக்கறேன். நேத்து உங்கண்ணன் அறை வாசல் வரைக்கும் வந்தாரு. தரையில மஞ்சக் கோடு போட்டு வச்சிருக்காங்க. அதுக்கு அந்தப் பக்கம் நின்னு கொஞ்ச நேரம் பேசிட்டுப் போனாரு. நீ ஏன் வரல?

— இங்கேர்ந்தே நல்லா கேக்குது அண்ணி. அதான் போன் இருக்கே.

— போனு! அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள்ள கெடக்கு. நானும் பிளாஸ்டிக் விரிச்ச கட்டில்ல கெடக்கேன். நர்ஸ் பொண்ணு சாப்பாட்ட வாசல்ல வச்சிட்டு, கடன் கேட்டவனப் பாத்த மாதிரி ஓடறா. அப்படி என்னடி பண்ணிட்டேன்? ஒரே ஒரு மாத்திரை. கனமான ஈயக் குடுவைக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தாங்க, முழுங்குன்னாங்க, முழுங்கினேன். அன்னியிலேர்ந்து நான் ஆகாதவளாயிட்டேன்.

— ஆகாதவ இல்ல அண்ணி. அதாவது, உங்க உடம்புக்குள்ள இப்ப ஒரு வேலை நடக்குது. அது முடியற வரைக்கும்தான்.

— என்ன வேலை? டாக்டர் வந்தாரு, அயோடின்னாரு, போயிட்டாரு. அயோடின்னா உப்புல போடறதுதானே? அத முழுங்கினதுக்கா இந்தத் தடிக் கதவு? பெயிண்ட் கம்பெனி லேப்ல ரசாயனம் கலக்கறவ நீதானே. இந்தத் தையக்காரிக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம். பூசி மெழுகாதே.

— பூசல. உங்க கழுத்துல ஆபரேஷன் பண்ணி தைராய்ட எடுத்தாங்க இல்லையா? அதுல இருந்த கெட்ட செல்லு ஏதாவது அங்கங்க ஒளிஞ்சிருக்கலாம். கத்திக்கு அகப்படாத அளவுக்குப் பொடிசு. ஆனா தைராய்டு செல்லுக்கு ஒரு குணம் உண்டு, அயோடினக் கண்டா விடாது. வேற எந்த செல்லும் அத அப்படி அள்ளிக்காது.

— அதுக்குத்தான் ரெண்டு வாரமா அயோடின் இல்லாத உப்பா பாத்துப் போடச் சொன்னாங்களா?

— அதேதான். பட்டினி போட்டுப் பசியக் கெளப்பி விடறது. அப்புறம் எது வந்தாலும் வாரிப் போட்டுக்கும். நல்லதா கெட்டதான்னு பாக்காது.

— உங்கண்ணன மாதிரின்னு சொல்லு.

— அண்ணன விடுங்க. அதாவது, இந்த அயோடினும் அயோடின்தான். எந்தப் பொருளா இருந்தாலும் உடைச்சுக்கிட்டே போனா கடைசில அணு. அந்த அணுவோட நடுவுல ஒரு கரு, அதுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானும். வெளிய எலக்ட்ரான். உள்ள எத்தன புரோட்டானோ, அத வச்சுத்தான் அதுக்குப் பேரு. ஒண்ணுன்னா ஹைட்ரஜன், எட்டுன்னா ஆக்சிஜன், அம்பத்து மூணுன்னா அயோடின். உள்ள அம்பத்து மூணு இருந்தா வெளிய எலக்ட்ரானும் அம்பத்து மூணு. மத்த அணுவோட கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்த எலக்ட்ரான் பாத்துக்கும். கரு வெளிய வராது.

— நம்ம கடை மாதிரி. முன்னாடி நின்னு துணி வாங்கிப் போடறது வேலைக்காரப் பொண்ணு. உள்ள மிஷின்ல குனிஞ்சு கெடக்கறது நானு.

— ஆமா! வர்றவங்களுக்கு அந்தப் பொண்ணு முகம்தானே தெரியும்?

— என் முகம் தெரிஞ்சா எப்பத் தைச்சுத் தருவேன்னு தேதி கேப்பாங்களேடி. சரி, அந்த நியூட்ரான் என்ன பண்ணுது?

— அதுக்கு பிளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்ல. புரோட்டானெல்லாம் ஒண்ண ஒண்ணு பிடிச்சுத் தள்ளும். எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்து உக்கார வைக்கறதுக்கு நடுவுல நியூட்ரான் வேணும்.

— உனக்கும் உங்கண்ணனுக்கும் நடுவுல இத்தன வருஷமா நான் உக்காந்திருக்கேனே, அது மாதிரி.

— அப்படியேதான். ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு அண்ணி. உப்புல இருக்கற அயோடின்ல எழுபத்து நாலு நியூட்ரான். நீங்க முழுங்கினதுல எழுபத்தெட்டு. நாலு நியூட்ரான் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

— நாலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

— மூணு பேர் சீட்ல அஞ்சு பேர் நெருக்கி உக்காந்தா எத்தன நேரம் தாங்கும்? அந்தக் கருவால அமைதியா உக்கார முடியாது. ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறி, ஒரு எலக்ட்ரான வெளிய விசிறியடிக்கும். அது ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர்தான் பாயும். அந்தத் தூரத்துக்குள்ள யாரு இருக்கா? ஆசைப்பட்டு அள்ளிக்கிட்ட அந்தக் கெட்ட செல்லுதான்.

— அடிப்பாவி! வெளிய அதே அம்பத்து மூணு முகம். தெரிஞ்ச ஆளுதானேன்னு கதவத் தொறந்து விட்டுடுது. உள்ள வந்ததுக்கப்புறம் குட்டு வெளிப்படுது.

— இத எங்க லேப்ல யாரும் இவ்வளவு அழகாச் சொன்னதில்ல.

— சும்மா ஐஸ் வைக்காதே. அடிச்சு முடிச்சதும் அது என்னாகும்? என் கழுத்துலயே குடித்தனம் பண்ணுமா?

— ஒரு புரோட்டான் கூடிப்போச்சு இல்லையா? இப்ப அம்பத்து நாலு. எண்ணிக்கை மாறினா பேரும் மாறிடும். அது அயோடினே இல்ல, செனான். அதாவது, அது ஒரு வாயு. யாரோடயும் ஒட்டாது, உறவாடாது. பேசாம ரத்தத்துல கலந்து, மூச்சோட வெளிய போயிடும்.

— சண்டைய முடிச்சிட்டு சந்நியாசம் வாங்கிக்குது. நல்லாத்தான் இருக்கு... எனக்கு ஒண்ணு சொல்லுடி. நெசமா வேலை செய்யுமா? நேத்து படுத்துக்கிட்டு கூரையவே பாத்துட்டிருந்தேன். திரும்ப வந்து அந்த மிஷின மிதிப்பேனான்னு இருந்துச்சு.

— மிதிப்பீங்க. நான் சமாதானத்துக்குச் சொல்லல. இந்த மாதிரி கட்டிக்கு இத்தன வருஷமா கொடுத்துப் பாத்த மருந்து இது. நிறைய பேருக்கு இதோட முடிஞ்சு போகுது. எனக்கு நீங்க வேணும் அண்ணி.

— வேணுமா? அப்ப இதையும் சொல்லிடு. அந்த அடி ரெண்டு மில்லிமீட்டர்தான்னா, இந்தக் கதவுக்குள்ள எதுக்கு ஈயம்?

— அந்த எலக்ட்ரானோட காமான்னு ஒரு கதிரும் வரும். அது உடம்பத் தாண்டிப் போகும். ஈயத்துல எண்பத்திரெண்டு எலக்ட்ரான், அணுவெல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும், அதனால முக்கால்வாசியத் தடுத்துடும். தள்ளி நின்னாலும் கொறைஞ்சிடும். தூரம் ரெண்டு மடங்கானா கதிர் நாலுல ஒரு பங்கு.

— அப்ப மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம்?

— ரொம்பக் கம்மி.

— உங்கண்ணன் வந்து நின்னுட்டுப் போனாரே, அவருக்கு ஏதாவது ஆகுமா?

— ஒண்ணும் ஆகாது.

— அப்ப உனக்கு மட்டும் ஆகுமா? கணக்கெல்லாம் நீயே சொல்லி நீயே மாட்டிக்கிட்டியா?

— அப்படி இல்ல அண்ணி...

— எப்படி இல்ல? உங்கண்ணன் வாய் சும்மா இருக்குமா? சொல்லிட்டாரு. மாடி வீட்ல நீயும் உன் வீட்டுக்காரரும் பெட்டி கட்டிட்டிருக்கீங்களாம். நாளைக்கு நான் கீழ் வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி கிளம்பிடுவீங்களாம். நெசமா பொய்யா?

— கொஞ்ச நாளைக்குத்தான். அவரோட சிநேகிதர் வீடு காலியா இருக்கு...

— நாத்தனாரே, நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நான் கல்யாணமாகி வந்தப்ப நீ ரெட்டை ஜடைக்காரி. ஒரு மாசம்கூட ஆகல, உனக்கு அம்மை வாத்துருச்சு. பெத்த அப்பாவே அறை வாசப்படியோட நின்னுட்டாரு. ஒட்டிக்கும், போகாதேன்னு அத்தன பேரும் சொன்னாங்க. நான் உன் பாயிலதான் படுத்தேன். ஒட்டிச்சு. கன்னத்துல ரெண்டு தழும்பு இன்னும் இருக்கு, வேணும்னா குடைய மடக்கிட்டு மேல வந்து பாரு.

— அத மறந்துட்டேன்னா நான் மனுஷியே இல்ல அண்ணி.

— மறக்கல, ஆனா வரல. சரிதான், நான் உன் கூடப் பொறந்தவ இல்லையே. தசை ஆடுமா? நீ இப்ப சொன்னியே ஒரு வாயு, யாரோடயும் ஒட்டாதுன்னு. அது வேற யாருமில்ல, நீதான்.

— அண்ணி, திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா அப்படிச் சொல்லாதீங்க.

— அம்மா, கதிர் அளக்கற மீட்டர் பிடிக்க வந்திருக்கேன், சரிங்களா? எழுந்து அந்தக் குறி போட்ட இடத்துல நில்லுங்க, சரிங்களா?

— வாங்க தம்பி. ஏய், மீட்டர்காரத் தம்பி வந்திருக்காரு, போன வச்சிடாதே. பேச்சு இன்னும் முடியல... நின்னுட்டேன் தம்பி. சீக்கிரம் பிடிங்க, நான் ஆத்திரத்துல இருக்கேன்.

— ஆத்திரமெல்லாம் இந்த மீட்டர்ல காட்டாதும்மா, சரிங்களா? ஆங்... பரவாயில்லையே. முதல் நாளு இது போட்ட கூச்சலுக்கு நானே காதப் பொத்திக்கிட்டேன். இன்னிக்கு முணுமுணுக்குது. நல்லா இறங்கியிருக்கு. தண்ணி குடிச்சிருக்கீங்க.

— வீட்டுக்குப் போலாமா?

— நாளைக்குக் காலையில போலாம், சரிங்களா? போனாலும் கொஞ்ச நாளு தனிக் கட்டிலு, தனித் தட்டு. எல்லாம் விவரமாச் சொல்லுவாங்க.

— அப்பாடா! தம்பி, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. ஜன்னல் வழியா கீழ பாருங்க. பச்சைக் குடை தெரியுதா? என் நாத்தனார். அவ மேல வந்து அந்த மஞ்சக் கோட்டுகிட்ட நின்னா என்ன?

— அவங்களா? அவங்க முதல் நாளே வந்தாங்களேம்மா. உங்க துணிப்பையத் தூக்கிக்கிட்டு, லிஃப்டுக்குக்கூட நிக்காம படியேறி வந்துட்டாங்க. நான்தான் பாதிப் படியில மறிச்சேன்.

— நீங்க மறிச்சீங்களா? அவ வரலேன்னுல்ல நெனச்சேன்! எதுக்கு மறிச்சீங்க?

— மேல வர்றவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாகணும், சரிங்களா? உங்க வீட்டுக்காரர்கிட்ட அத கேக்க வேண்டியதில்ல. இவங்ககிட்ட கேட்டேன்.

— என்ன சொன்னா?

— படியிலயே உக்காந்து அழுதாங்க. பையை என் கையில கொடுத்துட்டு, அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு கும்பிட்டுட்டு இறங்கிப் போனாங்க. மிச்சத்த அவங்களையே கேளுங்கம்மா. நான் சொல்றது மொறையில்ல, சரிங்களா? வரேன்.

— ஏய்... இருக்கியா?

— இருக்கேன் அண்ணி.

— கேட்டுதா அவர் சொன்னது?

— கேட்டுது.

— என்ன கேள்விடி அது?

— முன்னாடி ரெண்டு தடவை உங்ககிட்டதான் முதல்ல ஓடி வந்தேன். ரெண்டு தடவையும் சொல்லி ஒரு வாரம் தாண்டல, கையிலிருந்து நழுவிப் போச்சு. நீங்கதான் ராவும் பகலும் கூட இருந்தீங்க. இந்தத் தடவை மூணு மாசம் முடியட்டும்னு வாயத் தச்சுக்கிட்டேன். அண்ணனுக்குக்கூடத் தெரியாது. நல்லபடியாத்தான் இருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்க, ஆனா எனக்குத்தான் சொல்ல பயம். அதாவது... நான் ஒத்த ஆளா இருந்தா அந்த மஞ்சக் கோட்ட மிதிச்சிக்கிட்டு வந்து உங்க பக்கத்துலயே படுத்திருப்பேன் அண்ணி. இப்ப நாங்க ரெண்டு பேரு. பெட்டி கட்டினதும் அதனாலதான்... அண்ணி? அண்ணி, அழறீங்களா?

— அழலடி. கழுத்துத் தழும்பு இழுக்குது, சிரிக்க முடியல.

— கோவம் போயிடுச்சா? வேணும்னா அந்தப் படிக்கட்டு வரைக்கும் மட்டும் வந்து கையாட்டட்டுமா?

— படிக்கட்டா? அங்கேர்ந்து ஒரு அடி முன்னால வச்சே, காலை ஒடச்சிடுவேன்! இன்னும் தள்ளிப் போடி. வண்டியெல்லாம் தாண்டி, கேட்டையும் தாண்டி அந்தப் பக்கம் போய் நில்லு. போடி என் கண்ணு, மெதுவா போ.