வேணும்னே போட்ட வைடு

— அசையாம உக்காரு மாப்ளே. ஐஸ் கட்டு நழுவுது. இது தோளா, இல்ல திருவிழா ராட்டினமா?

— தோள் என்னுது மாமா. நாக்கும் என்னுதுதான். மைக் முன்னாடி என்ன பேசணும்னு நீங்க சொல்லித் தர வேணாம்.

— நான் என்ன புதுசாவா சொல்லித் தரேன்? ஏழு விக்கெட் எடுத்திருக்க. பந்து நல்லா ஸ்விங் ஆச்சு, கேப்டன் நம்பினார், மிச்ச ரெண்டையும் நாளைக்குக் காலையில எடுத்துடலாம். இதச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடு.

— இதச் சொல்ல ஒரு கிளி போதும்.

— கிளிக்கு உன்ன மாதிரி யார்க்கர் வராது.

— சிரிப்புக் காட்டாதீங்க. நான் முடிவு பண்ணிட்டேன். உக்காந்ததும் முதல்ல இந்த ஏழும் எங்க அப்பாவுக்குன்னு சொல்லப் போறேன்.

— சொல்லு. தாராளமா சொல்லு. கேக்கறதுக்கு நல்லா இருக்கும்.

— அதோட நிறுத்த மாட்டேன். உங்க தலைக்கு மேல தொங்குதே பலகை, இந்த மைதானத்துல ஒரு இன்னிங்ஸ்ல அஞ்சுக்கு மேல எடுத்தவங்க பேரு. அதுல உச்சியில யாரு?

— நான்தான். பெயிண்டு உதிர்ந்து போச்சு. தூரத்துல இருந்து பாத்தா வேற யாரோ மாதிரி இருக்கு.

— பேருக்குப் பக்கத்துல எட்டு. இருபத்தெட்டு வருஷமா ஒருத்தனும் தொடல. அந்த எட்டு எப்படி வந்துச்சுன்னு இன்னிக்குச் சொல்லப் போறேன்.

— எப்படி வந்துச்சாம்?

— தெரியாத மாதிரி கேக்கறீங்க, சரிதான். எங்க வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். இந்த முனையில நீங்க, எதிர் முனையில எங்க அப்பா. மச்சினனுக்கு விக்கெட் விழுதுன்னு தெரிஞ்சதும், நடுவுல தான் புகுந்து எடுத்துடக் கூடாதுன்னு பேட்டுக்கு எட்டாத தூரத்துல போட்டார். வேணும்னே வைடு போட்டார். நீங்க எட்டு எடுத்தீங்க, அவருக்கு ஒண்ணும் இல்ல. உங்களத் தோள்ல தூக்கிக்கிட்டு மைதானத்தச் சுத்தினாங்க. அவரை அடுத்த மேட்ச்ல டீம்லயே சேக்கல. அதோட முடிஞ்சுது அவர் ஆட்டம்.

— கேளு மாப்ளே. எல்லாத்தையும் சொல்லு, அந்த ‘வேணும்னே’ங்கற வார்த்தைய மட்டும் விட்டுடு.

— அத விட்டா அப்புறம் கதையில என்ன இருக்கு? ஏதோ பந்து போடத் தெரியாதவர் வைடு போட்டார்னு ஆயிடும். இத்தன வருஷம் அப்படித்தான ஊரே சொல்லிச்சு?

— ஊர் என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும்.

— உங்களுக்குப் போகட்டும். மூட்டை அடுக்கற கிடங்குல கணக்குப் பாக்கப் போனாரே, அவரை அங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க தெரியுமா? ‘வைடு’. வைடு வந்துட்டார், வைடு டீ சாப்பிட்டாச்சா. நான் சாப்பாடு கொண்டு போகும்போது என் காதாலயே கேட்டிருக்கேன்.

— எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க.

— கோச் சார், உள்ள வரலாமா? தம்பி, பிரஸ் மீட்டுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம். கேமராவெல்லாம் வெச்சாச்சு. ஒரே ஒரு விஷயம், ப்ளீஸ். அந்த விசாரணையப் பத்தி யாராவது கேட்டா வாயத் திறக்காதீங்க.

— எந்த விசாரணை சார்?

— போன மாசம் ஒரு பவுலரத் தடை பண்ணாங்களே தம்பி, சூதாட்டக்காரங்க சொன்ன ஓவர்ல சொன்ன மாதிரி வைடு போட்டுக் காசு வாங்கினானே, அதுதான். இப்ப அந்தக் கமிட்டி பழைய மேட்சையும் தோண்ட ஆரம்பிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா பத்திரிகைக்காரங்க நாலு பக்கம் எழுதுவாங்க. டீம் மேனேஜர் என்னத் தொலைச்சுடுவார். கோச் சார், நீங்களும் கொஞ்சம் சொல்லுங்க.

— சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க போங்க, அனுப்பறேன்.

— கதவச் சாத்திட்டுப் போறேன் சார்.

— கேட்டியா மாப்ளே?

— கேட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவன் காசுக்குப் போட்டான். எங்க அப்பா பாசத்துக்குப் போட்டார்.

— அம்பயர் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் கைய விரிப்பார்.

— கமிட்டி கூப்பிட்டாக் கூப்பிடட்டும். அப்பா நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போய்ச் சொல்லுவார். ஆமா, என் மச்சினனுக்காகப் போட்டேன்னு.

— சொல்ல மாட்டார்.

— ஏன் சொல்ல மாட்டார்?

— வயசாயிடுச்சு. பிரஷர் வேற இருக்கு. கண்ட கண்ட ஆளுங்க முன்னாடி நிக்க வெக்கணுமா?

— பாத்தீங்களா, முழுங்கறீங்க. உங்களுக்கு அவர் பிரஷர் மேல இன்னிக்குத்தான் அக்கறை பொத்துக்கிட்டு வருது. மாமா, நேராவே கேக்கறேன். நாளைக்கு ரெண்டு விழுந்தா எனக்கு ஒன்பது. உங்க பேரு கீழ இறங்கிடும். அதான உங்க வயித்தெரிச்சல்?

— எடு மாப்ளே. ஒன்பதையும் நீயே எடு. பெயிண்டுக்காரனுக்கு ஏணிய நானே பிடிக்கறேன். வேணும்னா என் பேரையே அழிச்சுடச் சொல்றேன். போதுமா?

— பேச்சு நல்லா வருது உங்களுக்கு.

— வேற என்ன செய்யட்டும்? என்னத் திட்டணுமா, திட்டு. நன்றி கெட்டவன்னு சொல்லு. அக்கா புருஷனுக்காக ஒரு வார்த்தை பேசாத மாமன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல. அப்ப நான் துணைக் கேப்டன். நான் வாயத் திறந்திருந்தா மச்சான் இன்னும் ரெண்டு வருஷம் ஆடியிருப்பார். திறக்கல.

— ஏன் திறக்கல?

— தோணல.

— தோணல. எட்டு விக்கெட் எடுக்கக் கை வந்துச்சு, ஒரு வார்த்தை பேச வாய் வரல. இதக் கேக்கறதுக்கு எங்க அம்மா இங்க இருக்கணும்.

— உங்க அம்மா கேக்காததா? வருஷா வருஷம் கேட்டுட்டா. உன் கல்யாண ஆல்பத்தப் புரட்டிப் பாரு, நான் எதுலயாவது இருக்கேனான்னு. எல்லாரும் நில்லுங்கன்னு போட்டோக்காரர் கூப்பிட்டார். நானும் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு வந்தேன். ‘நீ அங்க போய் இலை எடுத்தாச்சான்னு பாரு’ன்னுட்டா. அக்காவாச்சே, என்ன பண்றது. போய்ப் பாத்தேன்.

— அவங்களுக்கு வயிறு எரிஞ்சிருக்கு. புருஷன் விட்டுக்கொடுத்தார், தம்பி வாங்கிக்கிட்டுப் போயிட்டான்.

— ‘விட்டுக்கொடுத்தவர்’. அவ வாயில உங்க அப்பாவுக்கு அதான் பேரே.

— உண்மைதான? அவர் எனக்குப் பந்து போடச் சொல்லிக் கொடுத்தது எங்க தெரியுமா? கிடங்குக்குப் பின்னாடி லாரி திரும்பற இடத்துல. ஒத்த ஸ்டம்ப நட்டு வெப்பார். நான் என்ன தப்புப் பண்ணாலும் பொறுத்துக்குவார். நோ பால் போட்டா சிரிப்பார். ஒரு வைடு போனா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குவார். வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் பின்னாடியே அழுதுக்கிட்டு வருவேன்.

— அடிப்பாரா?

— அடிச்சா பரவால்லையே. அந்த மனுஷன் மனசுல எவ்வளவு காயம் இருந்தா அப்படி இருப்பார்? யாரால வந்த காயம் அது?

— ம்.

— ம்னா?

— ஒண்ணுமில்ல. ஐஸ் தண்ணியாயிடுச்சு, கட்ட அவுக்கறேன். கைய மெல்லத் தூக்கு. வலிக்குதா?

— வலிக்கல. நீங்க தொடாதீங்க, நானே பாத்துக்கறேன்.

— சரி. நீயே பாத்துக்க. மாப்ளே, உங்க அப்பாகிட்ட சொன்னியா, இப்படிப் பேசப் போறேன்னு?

— ஆட்டம் முடிஞ்சதும் முதல் போன் அவருக்குத்தான். ஏழையும் டிவியில பாத்திருக்கார். அப்பா, இன்னிக்கு உங்க பேர நிமித்தப் போறேன், நீங்க மாமாவுக்காக வேணும்னே வைடு போட்டத உலகத்துக்கே சொல்லப் போறேன்னேன்.

— என்ன சொன்னார்?

— அழுதார்னு நினைக்கறேன். மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு.

— அப்புறம்?

— ‘மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கப்பா, அவர் சொல்றபடி செய்’ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். பாருங்க மாமா, இவ்வளவுக்கு அப்புறமும் உங்களுக்குத்தான் மரியாதை. அவர் சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் இங்க உக்காந்து உங்க பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— மறுபடியும் என் தலையிலயே கட்டிட்டாரா.

— என்னத்தக் கட்டினார்?

— அது கெடக்கட்டும். மாப்ளே, நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இந்தக் கோச் வேலையில சேந்தப்பகூட, மாமன் கோச்சு மருமகன் டீமுன்னு பேசுவாங்கன்னு உன்கிட்ட மத்தவங்களவிடக் கடுமையாத்தான் நடந்துக்கிட்டேன். இன்னிக்குக் கேக்கறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன். பேசாத.

— பயப்படறீங்க.

— ஆமா, பயப்படறேன். இப்பவாவது நிறுத்துவியா?

— மாட்டேன். நீங்க இத்தன நாளா சாப்பிட்டது எங்க அப்பா போட்ட பிச்சை மாமா. அந்தக் கோச் வேலை, அந்தப் பலகை, தெருவுல போனா நாலு பேர் வணக்கம் சொல்றது, எல்லாம் பிச்சை. போட்டவர் வாயத் திறக்கல. அவர் புள்ள திறப்பான்.

— தம்பி, வாங்க. மைக் ஆன் பண்ணியாச்சு. கேப்டன் ரெண்டு கேள்விக்கு மேல தாங்க மாட்டார்.

— வந்துட்டேன் சார். மாமா, கதவ விட்டு நகருங்க.

— நகர்றேன். கூப்பிட வந்தவர் மாடிப்படி இறங்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டுப் போ. உங்க அப்பா எனக்காக விட்டுக்கொடுத்தார்ங்கற கதைய உனக்கு யார் சொன்னா?

— அம்மா.

— அம்மாவுக்கு?

— அப்பா.

— அப்பாவுக்கு?

— அவருக்கு யார் சொல்லணும்? அவர் செஞ்சது அவருக்குத் தெரியாதா?

— நான் சொல்லிக் கொடுத்தேன். அன்னிக்குச் சாயங்காலம், இதே ரூம்ல. அந்த மூலையில கேப்டன் அவர் சட்டையப் பிடிச்சு உலுக்கி, ஏன்யா இப்படிப் போட்ட, யாருக்காகப் போட்டன்னு கேக்கறார். மச்சான் என்னயே பாக்கறார். முகம் வெளுத்துப் போச்சு. நான் நடுவுல புகுந்து, எனக்காகத்தான் கேப்டன், நான் எடுக்கட்டும்னு போட்டார்னு சொன்னேன். எட்டு எடுத்தவன் சொன்னா நம்ப மாட்டாங்களா? நம்பிட்டாங்க. அப்ப அக்கா உன்ன வயித்துல சுமந்துக்கிட்டு இருந்தா.

— அப்ப உண்மையத்தான சொல்லியிருக்கீங்க. அதையே நானும் சொல்றேன். இதுல மறைக்க என்ன இருக்கு?

— அவரை மறுபடி டீம்ல எடுக்க வேணாம்னு சொன்னவனும் நான்தான்.

— நீங்களா? எதுக்கு?

— மறுபடி போடுவார்னு பயந்துதான். மாப்ளே, அவர் விட்டுக்கொடுக்கல. நான் காட்டிக்கொடுக்கல. இருபத்தெட்டு வருஷமா நடந்தது அவ்வளவுதான்.

— என்ன சொல்றீங்க? எட்டு விக்கெட் நீங்க எடுத்தீங்களா இல்லையா?

— எடுத்தேன், அது மத்தியானம். மச்சானோட முதல் வைடு காலையில, ஆட்டம் ஆரம்பிச்ச ரெண்டாவது ஓவர்ல, கீப்பருக்கும் எட்டாம லெக் பக்கம் எல்லைக்கோட்டுக்கு ஓடுச்சு. அங்க நின்னு அந்தப் பந்த எடுத்து வீசினவன் நான்தான், அதுவரைக்கும் நான் ஒரு ஓவர்கூடப் போடல.