சனிக்கிழமை மிஷின் ரிப்பேர்

லாட்ஜில் ரூம் எடுப்பவர்கள் பின்பக்கமாகக் கேட்டு வாங்குவதுதான் நல்லது, சார். முன்பக்கம் வெளிச்சம் இருக்கும், காற்று வரும், வேடிக்கையும் பார்க்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்தில் மனுஷன் கண்மூட முடியாது. கள்ளக்குறிச்சி லாட்ஜில் மேனேஜர் அன்புச்செல்வன் முதலில் முன்பக்க ரூமைத்தான் திறந்து காட்டினார். ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கமே கொடுங்கள் என்றேன்.

"பெருசு, அந்தாண்ட வெறும் செவுருதான் தெரியும்," என்றார்.

"செவுரு போதும் தம்பி. நாங்க மலைய பாத்துப் பாத்துச் சலிச்சவங்க," என்றேன்.

என் பெயர் வெள்ளையன். ஊர் கரியாலூர். வயது எழுபத்தொன்று என்று ஆதாரில் இருக்கிறது. அது கேம்ப் போட்ட அன்று நான் வாய்க்கு வந்தபடி சொன்னது, ஆனாலும் இருக்கட்டும். போன வாரமே இதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏட்டையா டீ வாங்கிக் கொடுத்து, "இன்னா பெருசு, கரடிக் கதையெல்லாம் தீந்துபோயி இப்ப கொலைக் கதையா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அவர் மேல் குறையில்லை. மலையில் என் பேச்சை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வது கிடையாது.

அந்தக் கரடிக் கதை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். சாமைக்காட்டில் காவலுக்குப் படுத்திருந்தபோது ஒரு கரடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடிக்கு நெருப்பு கேட்டது, நானும் கொடுத்தேன், அது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு இருமியது என்று சொல்வேன். அருவி பார்க்க சனிக்கிழமை காரில் வரும் ஜனங்கள் ராசு டீக்கடையில் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து என் மனைவி பெரியம்மாள், பலாச்சுளை விற்றுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொல்வாள்:

"அது கரடி இல்ல சாமி. கம்பளி போத்திக்கினு வந்த எங்க மாமன். இந்த ஆளு இருட்டுல பயந்துகினு அவரு கால்ல வுழுந்து கும்புட்டாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நாற்பத்து மூன்று வருஷம் இப்படித்தான் ஓடியது. நான் ஒரு முழம் அளந்தால் அவள் அரை முழத்தை நறுக்கிவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கதை என்னுடையது, கூட்டம் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் சனியும் முதல் பஸ் பிடித்து மலை இறங்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மிஷினில் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். பையன் ராஜேஷ்குமார் திருப்பூரில் இருக்கிறான். கூடப் போவது நான்தான். அவள் சாப்பாடும் என் பொறுப்பு. காயை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும், உப்பு கூடாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மடக்கு கூடாது. பாட்டிலில் அளந்து வைப்பேன். சாயங்காலம் பாட்டில் காலியானதும் அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே போய்த்தான் தண்ணீர் குடிப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கெட்டவன் இல்லை.

சனிக்கிழமை என்பதுதான் தொந்தரவு. செவ்வாய்க்கிழமை மலைக்கு யாரும் வருவதில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தால் நஷ்டமில்லை. சனிக்கிழமை அப்படியா? அருவிக்கு வண்டி வண்டியாக ஜனம் வரும். நாங்கள் திரும்பி வந்து சேரும்போது ராசு அடுப்பை அணைத்திருப்பான். "பெருசு, இன்னிக்கு மெட்ராஸ்காரங்க நாலு வேன். கத சொல்ற தாத்தா எங்கன்னு கேட்டாங்க," என்பான். ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் பொறுக்கலாம். நர்ஸ் செந்தமிழ்ச்செல்வியிடம் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமையாக மாற்றித் தரும்படி கேட்டுப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம எடமே இல்ல தாத்தா. சனிக்கெழம உங்களுக்கு இன்னா அவ்ளோ வேல?" என்றது அந்தப் பெண்.

வேலை என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் மேல் தப்பில்லை. என்னை உட்கார வைத்துப் பாடம் போல எல்லாம் சொல்லிக்கொடுத்தது. "ஒரு தடவகூட வுட்றாதீங்க, ஒரு வாரமெல்லாம் ஒடம்பு தாங்காது. எளநி கண்ணுல காட்டாதீங்க, வாழப்பழம் வேணாம். மூச்சு வாங்குச்சுன்னா நேரம் காலம் பாக்காம தூக்கிக்கினு வந்துடுங்க." இத்தனையும் எனக்கு மனப்பாடம். தெரியாமல் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மாளிடம், "ஆஸ்பத்திரிலருந்து போன் வந்துச்சு புள்ள. மிஷின் ரிப்பேராம். திங்கக்கெழமதான் ரெடியாவுமாம்," என்றேன்.

"இன்னாய்யா ரிப்பேரு?"

"உள்ள ஓணான் பூந்துடுச்சாம்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் மேற்கொண்டு சொன்னேன். ரெண்டரை வருஷமாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறோம், பஸ் ஸ்டாண்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. ரெண்டு நாள் ரூம் போட்டு டவுனில் இருப்போம், ஓட்டலில் சாப்பிடுவோம், திங்கட்கிழமை அங்கிருந்தே மிஷினுக்குப் போய்விடலாம் என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போய்த் தங்கியதில்லை. அவள் இரும்புப் பெட்டியிலிருந்து ரோஸ் கலர் புடவையை எடுத்து வெளியே வைத்தாள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். மலையில் சனிக்கிழமை அவள் வாசலில் உட்கார்ந்திருந்தால் பத்துப் பேர் கேட்பார்கள், ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று. பதினோராவது ஆள் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவான். முதல் பஸ்ஸில் ஏறினோம் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. கண்டக்டரும் கேட்காமலே கள்ளக்குறிச்சி இரண்டு டிக்கெட் கிழித்தார். இதை நான் முன்கூட்டியே யோசித்தேனா என்றால், ஆமாம், யோசித்தேன்.

முன்பக்க ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி போர்டு தெரிந்தது. அதனால்தான் பின்பக்கம் கேட்டேன். ஹாரன் சத்தமும் ஒரு காரணம்.

அந்த இரண்டு நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள், சார். அதில் பொய் இல்லை. சனிக்கிழமை மதியம் மட்டன் பிரியாணி. முதல் கவளம் வாயில் வைத்ததும் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"உப்பு போட்ட சோத்துக்கு இவ்ளோ ருசியாய்யா? மறந்தே பூட்டேன்," என்றாள். "அந்த நர்சம்மா பாத்துச்சுன்னா ரெண்டு பேரையும் சேத்து மிஷின்ல கட்டிப் போட்டுடும்."

சாயங்காலம் கடைவீதியைச் சுற்றினோம். பாத்திரக்கடை வாசலில் நின்று எவர்சில்வர் அண்டாவில் முகம் பார்த்து, "மூஞ்சி வீங்கிக்கினு இருக்குதா, இல்ல அண்டாவே இப்படியா?" என்று கேட்டாள். அண்டாதான் என்றேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரோட்டா, சால்னா. மறுநாள் காலை பூரிக்கிழங்கு. மதியம் ஒரு மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு. தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டு, குழந்தை மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இளநீர் வண்டிக்காரனைப் பார்த்து நான் நின்றபோது மட்டும் அவள் தயங்கினாள்.

"எளநி வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

"அது இந்தப் பக்கத்து எளநிக்கி. இது மரக்காணத்து எளநி. உப்புக் காத்துல வளந்தது, அந்தக் கெட்டதெல்லாம் இதுல கம்மி."

"பொய்யிக்கும் ஒரு ஊரு பேரு தேடிப் புடிக்கற பாரு," என்றாள். வாங்கிக் குடித்தாள். இன்னொன்று வெட்டச் சொன்னேன். அதையும் குடித்தாள்.

நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி சனிக்கிழமை காலையிலிருந்தே என் செல்லுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தது. பதினோரு தடவை. பன்னிரண்டாவது வருவதற்குள் அணைத்துவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் அவளுக்குக் கால் செருப்பில் நுழையவில்லை. திங்கட்கிழமை விடியும்போது படுக்க முடியாமல், சுவரில் இரண்டு தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி இரண்டு நிமிஷம்.

"மிஷின் ரெடியாச்சான்னு போன் போட்டுக் கேளுய்யா," என்றாள்.

செல்லை எடுத்துக் காதில் வைத்தேன். "அம்மா, நான் வெள்ளையன் பேசறேன். கரியாலூரு. ஆமா, பெரியம்மா வூட்டுக்காரரு. அப்படியா? சேலத்துலருந்து சாமான் வரணுமா? மதியமாவுமா? சரிங்கம்மா." பதில் வருவதற்கு அங்கங்கே இடம் விட்டுத்தான் பேசினேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். செல்லைத் திருப்பிப் பார்த்தாள். லைட் எரியவில்லை, அமுக்கியும் எரியவில்லை. முந்தானையால் அதைத் துடைத்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"சரிய்யா. நீ சொன்னா சரி," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கீழ போயி டீ குடிச்சிட்டு வா. மெதுவா வா," என்றாள்.

போனேன். அன்புச்செல்வன் அப்போதுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். "ரூம்ல அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். தூங்குகிறாள் என்றேன். இரண்டு டீ குடித்தேன். அவர் சும்மா இருந்ததால் கரடிக் கதையைச் சொன்னேன், பொறுமையாக, ஒன்றும் விடாமல். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேலே போனபோது பெரியம்மாள் உட்கார்ந்தபடியே இருந்தாள். ரோஸ் புடவையை இழுத்துக் காலை மூடியிருந்தாள். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அன்புச்செல்வனைக் கூப்பிட்டேன்.

கிட்னிக்காரி, எதிர்பார்த்ததுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ராஜேஷ்குமார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டரை வருஷம் அம்மாவ கொழந்த மாதிரி பாத்துக்கினியேப்பா," என்று அழுதான். நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி மட்டும் போன் பண்ணி, "ஏன் தாத்தா வரல?" என்று கேட்டது. அதற்குத்தான் ஒரு கதையும் சிக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

காரணம் சொல்லச் சொன்னீர்கள். அவள் கஷ்டப்பட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லலாம், எழுதுவதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளது இதுதான்: ஒரு சனிக்கிழமையை விட்டால் மற்ற சனிக்கிழமையெல்லாம் மிஞ்சும் என்று நினைத்தேன்.

கருமாதி முடிந்த சனிக்கிழமை ராசு கடையில் போய் உட்கார்ந்தேன். மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம், புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று. கரடியை ஆரம்பித்தேன். நெருப்பு கேட்டது, கொடுத்தேன், இரண்டு இழுப்பு இழுத்து இருமியது. அங்கே நிறுத்தினேன். எப்போதும் அங்கேதான் நிறுத்துவேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அப்புறம் தாத்தா?" என்றது அந்தப் புதுப்பெண். அப்புறம் எனக்குத் தெரியவில்லை, சார். அதற்கு மேல் அந்தக் கதையில் என்னுடையது ஒன்றும் இல்லை. ராசு ஒரு டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. நான்தான் கொன்றேன் என்று போட்டிருக்கிறீர்கள். இருக்கட்டும், அது சரிதான். கையெழுத்துப் போடுகிறேன். நடுவில் ஓரிடத்தில் மட்டும், 'மேற்படி பெரியம்மாளுக்கு விஷயம் தெரிந்திருந்தும்' என்று வருகிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் என் பேச்சுக்குச் சரி என்று சொன்னது அந்த ஒரே ஒரு தடவைதான். அவள் நம்பினாள், சார். நம்பினாள் என்று எழுதுங்கள், போடுகிறேன்.